தகேஷிக்கு நினைவில்லாத ஆட்டம்

சிந்து,

நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை இழுத்துக்கொண்டு போன காலத்தில் நீ போட்ட சண்டையெல்லாம் எனக்கு மறக்கவில்லை. என்றாலும் இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். இந்த ஜெர்மன்காரரின் டொச் மொழியில் எனக்கு வேலை செய்யத் தெரியும், மேல்மாடிக்காரியோடு வாய் காட்டத் தெரியும். மனதுக்குள் கிடப்பதை எடுத்து வெளியே வைக்க அந்த மொழி எனக்கு இன்னும் கை கொடுக்கவில்லை. மெல்ல வாசி. அவசரமாக வாசித்து முடித்துவிட்டு, "எனக்கு விளங்கிட்டுது அம்மா" என்று சொல்லாதே.

வருகிற சனிக்கிழமை உன் கலியாணம். அது முடிந்து கொஞ்ச நாளில் நீ ஜப்பானுக்குப் போகிறாய். தகேஷியின் நிறுவனம் அவரை அவர் பிறந்த வடக்குப் பக்கத்துக்கே திருப்பி அழைத்துவிட்டது. வீடு முழுக்க ஆட்களும் சீலைப் பெட்டிகளும் பலகார வாளிகளுமாகக் கிடக்கிறது; உன்னைத் தனியே பிடித்துக் கதைக்க ஒரு மூலைகூட இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, பிள்ளை. மண்டபத்தில் அதை மறைத்துக்கொண்டு சிரித்தபடி நிற்க எனக்கு ஏலும். ஆனால் நீ விமானம் ஏறிய பிறகும் அது எனக்குள்ளேயே கிடக்கக் கூடாது. அதனால் நடந்ததை நான் பார்த்தபடி சொல்கிறேன்.

தகேஷி முதன்முதல் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அவருடைய முகத்தைக் காணுமுன் காதைத்தான் கண்டேன். கதவைத் திறந்தபோது இடுப்பு வரை குனிந்து வணக்கம் சொன்னார். குனிந்த தலையின் இரண்டு பக்கமும், எண்ணெயில் போட்டுப் பிசகிப்போன வடை மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. உன்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, "உந்தப் பிள்ளையின்ரை காதுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"மெல்லக் கதையுங்கோ அம்மா. ரக்பி விளையாடினவர். தலையோடை தலை உரஞ்சி உரஞ்சி அப்பிடி ஆகினது," என்றாய்.

உனக்கு அவரை அறிமுகமாக்கியதும் அந்த விளையாட்டுத்தான். டுசெல்டோர்ஃபில் அவருடைய நிறுவனத்தின் அலுவலகம். நாங்கள் இருக்கும் எசனில் ஒரு சின்ன ரக்பிக் கழகத்துக்குப் பயிற்சி கொடுக்க வருவார். கழுத்து நோவோடு நீ வேலை செய்யும் பிசியோதெரபி நிலையத்துக்கு வந்தவர், கழுத்து சுகப்பட்ட பிறகும் வந்துகொண்டிருந்தார் என்று நீயே சொல்லிச் சிரித்தாய்.

அன்று அப்பா பஸ் ஓட்டிக் களைத்து வந்திருந்தும் அவரை விடவில்லை. "உந்த ஸ்க்ரம், ஸ்க்ரம் எண்டு சொல்லுறது என்ன தம்பி?" என்று டொச்சும் தமிழுமாகக் கேட்டார். தகேஷி எழுந்து தேத்தண்ணி மேசையை ஓரமாகத் தள்ளி வைத்தார். அப்பாவின் தோளில் தன் தோளை முட்டுக் கொடுத்து, தலையை அவருடைய கழுத்துக்குப் பக்கத்தில் நுழைத்து, "இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் எட்டுப் பேர். நடுவில் பந்து. தள்ள வேண்டும்," என்றார். "எங்கை, தள்ளும் பாப்பம்," என்றார் அப்பா. அடுத்த கணம் அப்பாவும் சோபாவும் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டார்கள். அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அவருடைய விளையாட்டை நினைத்து நான் பயமில்லாமல் சிரித்தது அதுதான் கடைசி.

பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய கதையைத் துண்டு துண்டாகக் கேட்டேன். பனி கொட்டும் ஒரு துறைமுக ஊரில், மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்துகிறவருக்குப் பிறந்தவர். வகுப்பிலேயே பெரிய உடம்பு. அந்த உடம்பை வைத்துக்கொண்டு எங்கே ஒளிவதென்று தெரியாமல் திரிந்திருக்கிறார். உயர்பள்ளியில் விளையாட்டு ஆசிரியர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு முன்வரிசையில் நிறுத்தினாராம். மைதானம் பனியில் மூடிக்கிடந்த மாதங்களில் பாரமேற்றிய மரச்சட்டத்தைத் தள்ளிப் பழகினார்கள். பிறகு பல்கலைக்கழக அணி. பிறகு அந்த நிறுவனத்தின் அணி. அங்கெல்லாம் விளையாட்டுக்காரர்களும் நிறுவனத்தின் ஊழியர்கள்தானாம். காலையில் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு மேசையில் வேலை, மத்தியானத்துக்குப் பிறகு மைதானத்தில் சேறு.

"முன்வரிசைக்காரனை யாரும் பார்க்க மாட்டார்கள், அம்மா," என்றார். நீதான் அவருக்கு என்னை அம்மா என்று கூப்பிடப் பழக்கியிருந்தாய். "பந்தோடு ஓடுகிறவனைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். நாங்கள் அடியில் கிடப்போம். ஆனால் எட்டுப் பேரும் ஒரே மூச்சு விடுகிற ஒரு நேரம் வரும். அப்போது மற்ற ஏழு பேரின் பலமும் என் முதுகு வழியாகப் போகிற மாதிரி இருக்கும்." இதைச் சொல்லும்போது அவருடைய முகத்தைப் பார்த்து, இந்தப் பிள்ளை பொய் சொல்லத் தெரியாத பிள்ளை என்று நினைத்தேன். அந்த நினைப்பு இன்றைக்கும் மாறவில்லை.

நாட்டின் அணிக்காக அவர் விளையாடியது ஒரே ஒரு முறை. முன்வரிசையில் ஒருவருக்குக் காயம் பட்டதால் கடைசி நேரத்தில் கூப்பிட்டார்கள். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கையில் மாற்று ஆளாக உள்ளே அனுப்பினார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தைப் பார்ப்பதற்கு அவருடைய தகப்பன் பட்டறையைப் பூட்டிவிட்டு, நாள் முழுக்க ரயிலில் வந்தாராம். இதைக் கேட்டதும் அப்பா, "அதின்ரை வீடியோ இருக்கோ? இப்ப போடும், இப்ப போடும்," என்று நின்றார். புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்ட கை காயுமுன்னமே தொலைக்காட்சியில் அது ஓடத் தொடங்கியது.

மழை. சிவப்பும் வெள்ளையும் போட்ட சட்டைகள். ஓரத்தில் குதித்துக்கொண்டு நின்ற ஒரு தடித்த இளைஞனைக் காட்டி, "இது நான்," என்றார் தகேஷி. அவர் உள்ளே ஓடினார். இரண்டு பக்கமும் குனிந்து முட்டின. எதிர்ப்பக்கம் மலை மலையான ஆட்கள். என்றாலும் ஜப்பான்காரர் அசையவில்லை. அப்பா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். பிறகு எதிர்ப்பக்கத்து ஒருவன் பந்தோடு ஓடி வர, தகேஷி அவனுடைய காலில் பாய்ந்தார். அவனுடைய முழங்கால் இவருடைய தலையில் பட்டது. ஒரு கணம் நிலத்தில் கிடந்தார். எழும்பினார். ஒரு கையால் புல்லைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஓடினார். ஆட்டம் முடிந்து, அழுதுகொண்டு நின்ற ஒரு வயதானவரைக் கட்டிப்பிடித்தார்.

"அந்த நேரம் எப்பிடி இருந்தது தம்பி?" என்று அப்பா கேட்டார்.

"தெரியாது," என்றார் தகேஷி.

அப்பாவுக்கு விளங்கவில்லை. "இல்லை, மனசுக்குள்ளை..."

"இந்த ஆட்டம் எனக்கு ஞாபகம் இல்லை, அப்பா. சட்டை தந்தது ஞாபகம். மைதானத்துக்குள் போகிற பாதையில் நின்றது ஞாபகம். அடுத்த நாள் காலையில் ஹோட்டலில் எழும்பி, பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவனிடம், ஆட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். அவன் பகிடி என்று நினைத்துச் சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன். மருத்துவரிடம் சொன்னால் அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று சொல்லவில்லை." திரையில் தகப்பனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற தன்னைக் காட்டினார். "அன்று இரவு என் அப்பாவோடு நூடுல்ஸ் சாப்பிட்டேனாம். அவர் சாகும் வரைக்கும் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்."

என்றாலும் அடுத்த ஆட்டத்துக்கு அவரைக் கூப்பிடவில்லை. நிறுவனத்தின் அணியில் இன்னும் பல வருடம் விளையாடினார். இன்னும் எத்தனை முறை தலையில் பட்டது என்று நான் கேட்கவில்லை. நீ உன் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தாய். உனக்கு ஏதோ தெரியும் என்று அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

நான் எங்கே வேலை செய்கிறேன் என்று உனக்குத் தெரியும். ஆனால் அங்கே என்ன பார்க்கிறேன் என்று உனக்குச் சொன்னதில்லை. முதியோர் இல்லத்தில் எங்கள் மாடி முழுக்க மறதி வந்தவர்கள். அதில் ஒருவரைப் பார்க்க அவருடைய மனைவி ஒவ்வொரு நாளும் பஸ் மாறி வருவாள். அவள் உள்ளே வந்ததும் அந்த மனிதர் எழுந்து, கதிரையை இழுத்துப் போட்டு, "நீங்கள் இருங்கோ அம்மணி" என்று மரியாதையாகச் சொல்லுவார். டொச்சில் நெருங்கியவரை 'டூ' என்றும் அந்நியரை 'ஸீ' என்றும் சொல்லுவது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாழ்நாள் முழுக்க 'டூ' என்று கூப்பிட்ட வாய், இப்போது அவளை 'ஸீ' என்கிறது. அவளும் "நன்றி, ஐயா" என்று சொல்லிவிட்டு இருப்பாள். அந்த வீடியோவைப் பார்த்த அடுத்த நாள் வேலைக்குப் போய், அந்தக் கதிரையில் உன்னை வைத்துப் பார்த்தேன்.

அன்று தொடங்கியது எனக்கு வியாதி. தகேஷி எங்கள் வீட்டில் தொப்பியை விட்டுப் போனால் அது எத்தனையாவது தரம் என்று எண்ணுவேன். உப்புக்குத் தமிழில் என்ன சொல்லுவது என்று திரும்பவும் கேட்டால் அப்பாவை நிமிர்ந்து பார்ப்பேன். அப்பா எரிந்து விழுந்தார்: "நானும் காலமை எழும்பி வீட்டுக் கதவுத் திறப்பைத் தேடுறன். எனக்கும் ஆரும் தலையிலை அடிச்சவையோ? சும்மா இரும்."

சும்மா இருக்கத்தான் பார்த்தேன். அப்படியிருக்க, கூறைச் சீலை எடுக்கப் போவதாக இருந்த நாள் வந்தது. நீ வேலை முடிந்து நேரே கடைக்கு வருவதாகவும், தகேஷி எங்கள் வீட்டுக்கு வந்து என்னோடு வருவதாகவும் ஏற்பாடு. அவர் வரவேண்டிய நேரம் போய்விட்டது. போன் அடித்தது.

"அம்மா, நான் ஒரு ஸ்டேஷனில் நிற்கிறேன்." குரல் ஆறுதலாகத்தான் இருந்தது. "பலகையில் டுயிஸ்பேர்க் என்று இருக்கிறது. ஆனால் எங்கே போக வந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை."

சன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பொலிஸைக் கண்டால் வருமே, அந்தப் பயம் வந்தது. ஆனால் வாய், நான் வேலை செய்யுமிடத்தில் கதைக்கிற மாதிரியே கதைத்தது. "அங்கேயே இருங்கோ தம்பி. இருக்கிறதுக்கு வாங்கு இருக்கோ? இருங்கோ. ஒரு ரயிலிலையும் ஏறாதையுங்கோ. நான் வாறன்."

போய்ச் சேரும் வரை, ரயில் கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவர் ஏறிப் போயிருந்தால்? தண்டவாளப் பக்கம் இறங்கியிருந்தால்? மேடையின் கடைசி வாங்கில், கைகளை முழங்காலில் வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பிக் குனிந்தார். சீலைக் கடை அதற்குள் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"ஏன் சிந்துவுக்குப் போன் எடுக்கேல்லை?" என்று கேட்டேன்.

"சிந்து ஒன்றும் இல்லை என்று சொல்லுவாள். நீங்கள் அப்படிச் சொல்ல மாட்டீர்கள்." பிறகு, "எனக்குப் பயமாக இருக்கிறது, அம்மா," என்றார். அவ்வளவு பெரிய மனிதன். அவருடைய தோளில் கை வைக்க எனக்கு எட்டவில்லை. முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்று பின்னேரம் எங்கள் வீட்டில் அவர் உனக்கு எல்லாவற்றையும் சொன்னார். இந்தக் கலியாணம் வேண்டாம் என்றால் தனக்கு விளங்கும் என்றும் சொன்னார். நீ மேலங்கியைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டுவிட்டு, "எனக்குத் தெரியும். இது முதல் தரம் இல்லை," என்றாய்.

நான் கத்தினேன். "தெரிஞ்சு கொண்டோ கூறைச் சீலை பாக்கப் போனனி? நிப்பாட்டு பிள்ளை. இப்ப நிப்பாட்டு."

"நிப்பாட்டினா அவருக்கு மறதி நிண்டிடுமோ அம்மா?"

"உன்ரை வாழ்க்கையடி!"

"ஓம். என்ரைதான்," என்றாய். அப்பா எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார்.

மருத்துவரிடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். அதற்கு உனக்கு நன்றி. மூளையை எடுத்த படத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை என்றார். கவனப் பரிசோதனையில் சில இடங்களில் மந்தம். பழைய அடிகளாக இருக்கலாம், நித்திரைக் குறைவாக இருக்கலாம், ஏதோ ஒன்றின் தொடக்கமாகவும் இருக்கலாம். பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான் என்றார். நான் ஒரு தீர்ப்பு வாங்கப் போனவள். "ஓம்" என்றிருந்தால் உன்னோடு சண்டை பிடித்திருப்பேன். "இல்லை" என்றிருந்தால் கோயிலுக்குப் போயிருப்பேன். இரண்டும் இல்லாமல் வெளியே வந்து, கார் நிறுத்துமிடத்தில் எங்கள் கார் எது என்று தெரியாமல் நின்றேன். தகேஷிதான் கண்டுபிடித்துக் கூட்டிப் போனார்.

அடுத்த கிழமை, கேட்கக் கூடாது என்று தெரிந்தும், இல்லத்தில் இருந்த அந்த 'ஸீ' சொல்லும் மனிதரின் மனைவியிடம் கேட்டுவிட்டேன். அவர் நித்திரையாகிவிட்டிருந்தார். "இப்பிடி வரும் எண்டு முன்னமே தெரிஞ்சிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீங்கள்?"

அன்பு, விதி என்று ஏதாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "கார் ஓட்டப் பழகியிருப்பேன்," என்றாள். "எங்கு போவதென்றாலும் அவர்தான் கூட்டிப் போவார். வரி, வங்கி, மின்சாரம் எல்லாம் அவர்தான். அவருக்கு மறந்தபோது எங்கள் வீடே மறந்துபோனது. மழைக்குள் பஸ் மாறும்போதெல்லாம் அவர் மேல் எனக்குக் கோபம் வருகிறது. அது அநியாயக் கோபம் என்று எனக்குத் தெரியும்." பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு, பஸ் போய்விடும் என்று ஓடினாள்.

அவள் சொன்னதுதான் நான் உனக்குத் தரும் புத்தி. ஜப்பானில் வாகனம் இடப்பக்கம் ஓடும். போன உடனே அப்படி ஓட்டப் பழகு. அந்த ஊர் எழுத்தை வாசிக்கப் பழகு. கதைக்கத் தெரிந்தால் போதும் என்று விடாதே. மருந்துப் பெட்டியில் இருப்பதை நீயே வாசிக்க வேண்டும். உன் தொழிலைக் கைவிடாதே. அங்கே இருக்கிற அவருடைய தமக்கைக்கு எல்லாவற்றையும் சொல்லு. மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியக் கூடாது என்று மூடி வைக்காதே. எங்கள் ஆட்களிடம் அந்தக் கெட்ட குணம் உண்டு. உன்னை மொழி தெரியாத ஊருக்கு அனுப்புவது எனக்கு எப்படி இருக்கிறது என்று நீ கேட்கவில்லை. நானும் அப்பாவும் இங்கே வந்து இறங்கியபோது இருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் இருவருக்கும் எல்லாம் ஞாபகம் இருந்தது. உனக்கு அந்தத் துணை எவ்வளவு காலத்துக்கு என்று எனக்குத் தெரியவில்லை. அதுதான் என் பயம்.

போன கிழமை அவருடைய கழகத்தில் கடைசிப் பயிற்சி. நீ வேலையில் நின்றாய். நானும் அப்பாவும் போனோம். பேக்கரியில் வேலை செய்கிற ஒரு வாட்டசாட்டமான மனிதர் இன்னொருவரோடு தலை முட்டி விழுந்தார். எழும்பி, ஒன்றும் இல்லை என்று சிரித்துக்கொண்டு கையைத் தட்டினார். தகேஷி விசிலை ஊதி எல்லாரையும் நிறுத்தினார். "வெளியே போ," என்றார். அவர் போகவில்லை. கடைசி நாளும் அதுவுமாக இப்படியா என்று மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். அப்போதுதான் தகேஷி கத்தி நான் முதன்முதல் கேட்டேன். "இன்றைக்கு நடந்தது உனக்கு நாளைக்கு ஞாபகம் இருக்க வேண்டாமா?" அந்த மனிதரின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து எங்களுக்குப் பக்கத்தில் இருத்தி, மருத்துவரிடம் போகும் வரை தானும் பக்கத்திலேயே இருந்தார். அவருடைய வழியனுப்பு விழா அப்படித்தான் நடந்தது. திரும்பி வரும்போது அப்பா, "நல்ல பிள்ளை," என்றார். "ஓம்," என்றேன். நல்ல பிள்ளை என்பதால் பயம் குறையவில்லை. கூடத்தான் செய்தது.

கலியாணத்தை நிறுத்து என்று இனிச் சொல்ல மாட்டேன். மனமார வருகிறேன் என்றும் பொய் சொல்ல மாட்டேன். பயந்துகொண்டு வருவேன், பயந்துகொண்டு அட்சதை போடுவேன். உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அங்கே ஒரு நாள் அவர் வர வேண்டிய நேரத்துக்கு வராமல் போனால், உன்னைப் பார்த்து யாரோ போல ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அம்மா கவலைப்படுவா என்று மறைக்காதே. எனக்குப் போன் எடு. இங்கே என்ன நேரம் என்று பாராதே. உனக்குத் தைரியம் சொல்ல எனக்கு வராது, பிள்ளை. நீ பயப்படும்போது உன்னோடு சேர்ந்து பயப்பட வரும். தனியே இருந்து பயப்படாதே.

உன் அம்மா